காட்டிடை உறங்கும் கற்பேழைகள்

கண்டி மாநகரின் வடபால், மாத்தளைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையை ஒட்டிக் கிடக்கும் மேட்டு நிலம் மஹய்யாவ. நகரின் பொது மயானம் இங்கே அமைந்திருப்பதனால், இவ்வூரில் வளர்ந்தோர்க்கு இறுதி ஊர்வலமும் பறையொலியும் புதியன அல்ல. நகர சுத்திகரிப்புப் பணிக்கெனத் தென்னிந்தியாவினின்றும் கொணரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடமும் இதுவே. செல்வர்க்குப் பளிங்குக் கல்லும் பொறித்த பெயரும் உண்டு. வறியவர்க்கோ மண்மேடு மட்டுமே. நான்கைந்து மாரி கழிந்தால் அதுவும் கரைந்து புல் மூடிவிடும். அதன்பின், ‘இன்னார் இங்கே உறங்குகிறார்’ என்று சொல்ல, உற்றார் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை.

இறந்தோரை நினைவில் வைத்திருக்க மனிதன் கல்லை நாடியது எப்பொழுது? இவ்வினாவே என்னை இப்பன்கட்டுவ ஈமக்காட்டிற்கு இட்டுச் சென்றது.

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளை, நாலந்தா வழியாகத் தம்புள்ளை ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மாத்தளையைக் கடந்ததும் மலைகள் மெல்ல மெல்லத் தாழ்கின்றன. குளிர்ந்த காற்று மறைந்து வறண்ட வலயத்தின் வெம்மை முகத்தில் அறைகிறது. மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் பின்வாங்க, முதிரையும் பாலையும் வேம்பும் முன்வருகின்றன. தம்புள்ளையை அடைவோர் பெரும்பாலும் குகை விகாரையையும் சிகிரியாக் குன்றையும் நாடி விரைவர். சில கல் தொலைவில், இப்பன்கட்டுவக் குளத்துக்கு அருகே, மரங்களின் நிழலில் மறைந்து கிடக்கும் இப்பழைய இடுகாட்டை நாடுவோர் சிலரே. நான் சென்ற அன்று பறவைகளின் ஒலியையும் சருகின் சலசலப்பையும் அன்றி வேறோர் ஓசையும் அங்கில்லை.

வானளாவும் கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்வோர் இங்கே ஏமாற்றமே அடைவர். நிலத்தில் பதிந்த கற்பலகைகளே கண்ணிற் படுகின்றன. நாற்புறமும் நான்கு பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக இட்டு, ஒவ்வொரு கல்லறையையும் ஒரு பேழைபோல் அமைத்திருக்கிறார்கள். அகழ்ந்து திறந்த குழிகளைக் குனிந்து நோக்கினால், அந்தப் பேழையின் இறுக்கமும் ஒழுங்கும் புலனாகின்றன. இத்தகைய கல்லறைகள் பத்துப் பத்தாகச் சேர்ந்து, ஏறத்தாழ 42 தொகுதிகளாகப் பரந்து கிடக்கின்றன என்பர் ஆய்வாளர். ஒரு குடும்பமோ ஒரு குலமோ ஒரு தொகுதிக்கு உரியதாக இருந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

தொல்பொருளியல் திணைக்களத்தார் 1970ஆம் ஆண்டில் இவ்விடத்தை இனங்கண்டனர். பின்னர் நடந்த அகழ்வுகளின்போது கிடைத்த பொருள்களைக் காபன் முறையால் ஆராய்ந்து, கி.மு. 700க்கும் 450க்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்தனர். பிணத்தை எரித்து, எஞ்சிய எலும்பையும் சாம்பலையும் மட்கலங்களில் இட்டு இப்பேழைகளுள் வைத்துள்ளனர். உடன் வைத்த பொருள்களோ பல: கறுப்பும் சிவப்புமான மட்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், செப்புப் பொருள்கள், மணிமாலைகள். அம்மாலைகளுள் சூதுபவள மணிகளும் உண்டு. அக்கல் இலங்கையிற் கிடைப்பதன்று எனக் கருதப்படுவதால், கடல் கடந்து வந்த வாணிகப் பொருளாக அது இருத்தல் வேண்டும். யாரோ ஒருத்தியின் கழுத்தை அலங்கரித்த மாலையை, அவள் உற்றார் தமக்கென வைத்துக்கொள்ளாமல், அவளோடே அனுப்பிவைத்தனர். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் அந்த அன்பு நமக்கு விளங்குகிறது.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இக்காட்சி முற்றும் அயலானதன்று. கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி அகன்றதொரு தாழியை வனையுமாறு குயவனை வேண்டுவதைப் புறநானூறு காட்டுகிறது. எரித்தல், புதைத்தல், தாழியிற் கவித்தல் எனப் பலவகை ஈம முறைகள் ஒரே நகரில் அருகருகே வழங்கியதை மணிமேகலை கூறுகிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியரும், பின்னர் அலெக்சாந்தர் ரீயாவும் அகழ்ந்து கண்ட தாழிகள் உலகப் புகழ் பெற்றவை. அதற்கு எதிர்க்கரையில், வில்பத்துக் காட்டினுள் பொம்பரிப்பில், அத்தகைய தாழிகளே மண்ணினுள் நிறைந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு அகழ்ந்தபோதும் பெருங்கற்காலத்து அடக்கம் வெளிப்பட்டது. கடல் இரு கரைகளையும் பிரித்ததைவிட இணைத்ததே அதிகம் போலும்.

மேலைநாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள வெஸ்ட் கென்னட் என்னும் நீண்ட ஈமமேடு ஐயாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்டது. அதன் கல்லறைகளுள் ஆடவர், பெண்டிர், குழந்தைகள் எனப் பலரின் எலும்புகள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அப்பகுதியில் இன்னும் பல மேடுகள் உள்ளன. அவற்றைக் கட்டினோர் பேசிய மொழி யாது என்பதை இன்று எவரும் அறியார். ஆயினும் அந்நாட்டார் அவர்களைத் தம் மண்ணின் முன்னோராகவே போற்றுகின்றனர்.

நம் நாட்டிலோ ஓர் ஓடு மண்ணிலிருந்து வெளிப்பட்டவுடன், ‘இது யாருடையது? எங்களதா, அவர்களதா?’ என்ற வினா எழுந்துவிடுகிறது. இப்பன்கட்டுவ மக்கள் பௌத்தம் இத்தீவிற்கு வருமுன்னரே வாழ்ந்து மடிந்தவர்கள். இன்றைய இனப்பெயர்களைக் கொண்டு அவர்களை அழைத்தால், திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், சிங்களவரும் தமிழரும் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய இரு கூட்டத்தாரின் வழியினர் என்ற பழைய கருத்தை மறுத்து, இத்தீவின் தொல்குடிகளே பெரும்பாலும் மொழியாலும் பண்பாட்டாலும் மாறி இரு மக்களாயினர் என வாதிடுகிறார். அக்கற்பேழைகளின் அருகே நின்றபோது அக்கூற்றின் பொருள் எனக்கு நன்கு விளங்கிற்று. பகைக்கு ஆதாரம் தேடி அங்கே செல்வோர்க்குக் கிடைப்பது சாம்பல் மாத்திரமே. உறவைத் தேடுவோர்க்கு, நம் காடாற்றுச் சடங்கில் எலும்பைப் பொறுக்கி மட்கலத்தில் இடும் கைகள் நினைவுக்கு வரும்.

திரும்பும் வழியில் வேறோர் எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் இந்தப் பாதை சாதாரணமான பாதையன்று. கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்தினின்றும் வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மலைநாட்டை நோக்கி நடந்தது ஏறத்தாழ இத்திசையிலேதான். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குப் பேழையும் இல்லை, தாழியும் இல்லை. சூதுபவள மாலையை வைக்க ஒரு கையும் இல்லை. உடன் வந்தோர் அழுவதற்கும் நேரமின்றி நடந்தனர். மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாக 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். அந்த நடையே, பெயரற்று மடிந்தோர்க்கு நாம் செய்த தாமதமான காடாற்று எனலாம்.

இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன் இறந்தோரின் உறைவிடத்தை நாம் அறிவோம். நூற்றெண்பது ஆண்டுகட்கு முன் இறந்த நம் பாட்டன் பூட்டன் எங்கே கிடக்கின்றனர் என்பதை அறியோம். முன்னவரைக் காத்தது கல் மட்டுமன்று. ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்து, தம் இறந்தோரைத் தாமே அடக்கம் செய்யும் உரிமையும் ஓய்வும் அவர்களுக்கு இருந்தன. நிலமும் நிலைத்த வாழ்வும் அற்றவனுக்குக் கல்லறையும் அற்றுப்போகிறது. ஈமக்காட்டின் பாடம் இதுவே எனத் துணிந்து கூறுவேன்.

ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரை அழைத்துக்கொண்டு தம்புள்ளை செல்லும்போது, சிகிரியாவோடு நின்றுவிடாமல் இப்பன்கட்டுவக்கும் செல்லுதல் நன்று. அங்குள்ள சிறு நூதனசாலையில் மட்கலங்களைக் காட்டிய பின்னர், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம்: வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, தம் குடும்பத்தில் இறந்தோரின் பெயரையும், வந்த ஊரையும், அடக்கம் செய்த இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவரச் செய்தல். மஹய்யாவயிலும், தோட்டத்து லயங்களிலும், அத்தகைய பெயர்களை நெஞ்சிற் சுமந்திருக்கும் பாட்டிமார் இன்னும் சிலர் உளர். அவர்களும் கண்மூடுமுன் அப்பெயர்கள் கொப்பிக்கு வந்துவிடல் வேண்டும்.