சேர்ந்து வாசிப்போம், ஒருவரையும் விட்டுவிடாமல்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையான கரையோரக் கிராமங்களில் விவிலியம் வாசிக்கக் குழுவாகக் கூடும் சகோதரிகளே, எந்தத் திட்டத்தைத் தெரிவு செய்வது?

முழு விவிலியத்தையும் ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரங்கள் வாசிக்க வேண்டும். கருவாடு காயவைத்து, பிள்ளைகளையும் பார்க்கும் ஒருவர் நாலு நாள் தவறினால், வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுவார். ஆகவே மெதுவாக வருபவரின் வேகமே குழுவின் வேகமாகட்டும்.

ரூத்து நூலில் தொடங்குங்கள். 4 அதிகாரங்கள், வாரம் ஒன்றாக 4 வாரம். பஞ்சத்தால் ஊரைவிட்டுப் போன நகோமி, அந்நிய மண்ணில் கணவனையும் இரு மகன்களையும் பறிகொடுத்து, மருமகளோடு வெறுங்கையாய்த் திரும்புகிறாள். இடம்பெயர்ந்த நமக்கு அவள் புதியவள் அல்ல. அடுத்து மாற்கு நற்செய்தி: 16 அதிகாரங்கள், 16 வாரங்கள்.

ஒருவர் உரத்து வாசித்தால் எழுத்தறியாதவரும் சேரலாம். தவறியவருக்குச் சென்ற வாரக் கதையை முதலில் சொல்லுங்கள். அழுபவரைத் தடுக்க வேண்டாம். மௌனமாய் இருப்பவரைப் பேசும்படி வற்புறுத்தவும் வேண்டாம். நகோமி தன் மனக்கசப்பை மறைக்கவில்லை. அதற்காக அந்த நூல் அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. நாமும் அப்படியே இருப்போம்.