வளர்ப்புப் பாம்பின் முட்டையைத் திருப்பக் கூடாது, ஏன்?

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பை வளர்ப்போர், அது முட்டையிட்டதும் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கோழி முட்டையைப் போல அதைத் திருப்பி வைத்தால் கரு இறக்கக்கூடும்.

பறவைகள் அடைகாக்கும்போது முட்டையைத் திருப்புவது அவசியம். பாம்பு முட்டையிலோ, கரு ஓட்டின் உட்புறத்தில் விரைவிலேயே ஒட்டிக்கொள்கிறது. எனவே, மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் அடைகாப்புப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டியுள்ள முட்டைகளைப் பிரிக்க முயலக் கூடாது.

லேசாக ஈரமாக்கிய வெர்மிகுலைட் மீது வைத்து, 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தையும் பராமரித்தால், சுமார் 55 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் பொரியும். ஓட்டின் வழியாகவே கரு சுவாசிப்பதால், முட்டையைச் சுற்றி நீர் தேங்கக் கூடாது. ஓட்டைக் கீறிய குஞ்சு, எஞ்சிய மஞ்சள் கருவை உறிஞ்சி முடிக்க ஓரிரு நாள்கள் உள்ளேயே இருக்கும். அதை வெளியே இழுப்பது ஆபத்து.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது அட்டவணையில் இந்த இனம் இடம்பெற்றுள்ளது. ஆகவே, 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்வதுடன், பிறக்கும் குஞ்சுகளின் விவரத்தையும் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.