உப்புநீர் மீன் தொட்டிக்கு நாமே பாறை செய்யலாம்

மாணவர்களே, உப்புநீர் மீன் தொட்டிகளின் நடுவே குகைகளும் துளைகளும் நிறைந்த பாறைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. தொட்டி நீரைத் தூய்மைப்படுத்தும் நுண்ணுயிர்களுக்கு அவைதான் வீடு.

மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா மீன்களுக்கு நஞ்சு. பாறைத் துளைகளில் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, நைட்ரைட்டை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். துளைகள் அதிகமானால் பாக்டீரியா ஒட்டிவாழும் பரப்பும் அதிகமாகும்.

கடலிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. நம் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த தஞ்சோங் துவான் கடலில் பவளப்பாறைகள் உள்ளன. கட்டி கட்டியாக வளரும் பவளங்கள் ஓராண்டில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் ஒருகாலத்தில் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். இன்று அங்கே, தூத்துக்குடி அருகிலுள்ள வான் தீவைக் காப்பாற்ற, துளையுள்ள கான்கிரீட் கட்டைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் 1975-இல் பழைய டயர்களைக் கொண்டு செயற்கைப் பாறைத்திட்டு அமைக்கத் தொடங்கிய மீன்வளத்துறையும் பின்னர் கான்கிரீட்டுக்கு மாறியது. ஆக, சிமெண்டும் கடலுயிர்களுக்கு வீடாகும்.

செய்முறை

தேவையானவை: போர்ட்லேண்ட் சிமெண்டு 1 பங்கு, கழுவிக் காயவைத்து நொறுக்கிய கெராங் ஓடு 1 பங்கு, கல்லுப்பு 2 பங்கு. ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. எனவே, கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் அணிந்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்டையும் ஓட்டையும் கலந்து, கொழுக்கட்டை மாவுப் பதம் வரும்வரை சிறிது சிறிதாக நீர் சேருங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஈர மணலில் குழி தோண்டி, கலவையை அதில் இட்டு உருவம் கொடுங்கள். துருப்பிடிக்கும் என்பதால் உள்ளே இரும்புக் கம்பி வைக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துப் பாறையை எடுத்து நீரில் போட்டால், உப்பு கரைந்து துளைகள் உண்டாகும்.

இறுகிவிட்டால் போதுமா?

போதாது. இங்கேதான் மீன்களின் உயிர் இருக்கிறது. சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கார்பன் டைஆக்சைடைக் கண்டறிய ஆய்வுக்கூடத்தில் நாம் பயன்படுத்தும் சுண்ணாம்புநீரில் இருப்பதும் இதுவே. புதுச் சிமெண்டு ஊறிய நீரின் பி.எச். மதிப்பு 12-ஐத் தாண்டலாம். உப்புநீர்த் தொட்டிக்குத் தேவையானதோ 8.1 முதல் 8.4 வரை. பி.எச். ஓர் எண் ஏறினால் காரத்தன்மை 10 மடங்கு ஏறும். அப்படியானால், 8-லிருந்து 12-க்கு ஏறினால்? 10,000 மடங்கு! மீனின் செவுள்கள் அதைத் தாங்காது.

ஆகவே பாறையைச் சாதாரண நீரில் ஊறவைத்து, சில நாள்களுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு சிறிது சிறிதாக வெளியேறும். இதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள், சிலசமயம் அதற்கு மேலும் ஆகலாம். நாள்காட்டியை நம்பாதீர்கள்; அளந்து பாருங்கள்.

சோதித்துப் பாருங்கள்

இரண்டு வாளிகளில் சம அளவு குழாய்நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் பாறையை வையுங்கள். மூன்று நாள் நீரை மாற்றாமல் விட்டு, இரண்டின் பி.எச். மதிப்பையும் அளந்து குறியுங்கள். பாறை இல்லாத வாளி எதற்கு? மாற்றம் பாறையால்தான் ஏற்பட்டதா என்பதை அதுதான் காட்டும். பாறையுள்ள வாளியில் 8.5-க்கு மேல் காட்டினால் மீண்டும் ஊறவையுங்கள். வாரந்தோறும் அளந்து வரைபடம் வரைந்தால், கோடு இறங்கி இறங்கிச் சமநிலைக்கு வருவதைக் காணலாம்.

பாறையைத் தொட்டியில் வைத்தவுடனும் மீனை விட்டுவிடாதீர்கள். புது வீட்டில் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லையே! கடையில் கிடைக்கும் பாக்டீரியாக் கரைசலையும், அதற்கு உணவாகச் சிறிதளவு அமோனியாவையும் சேருங்கள். அந்த அமோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியத்துக்கு இறங்கிய பிறகே முதல் மீனை விடலாம்.