அலைத் தீவில் நான்கு நாள்

"டீச்சர், பிள்ளைகள் கடலைக் காட்டச் சொல்லி உயிரை வாங்குகின்றன. எங்கே கூட்டிக் கொண்டு போகலாம்?"

பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. செம்பனைக் காட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை இருப்பது இயற்கைதானே! அவர்களுக்கு நான் சொல்லும் இடம் தியோமான் தீவு. அதிலும் கிழக்குக் கரையிலே இருக்கும் ஜுவாரா கிராமம். சொல்லிவிட்டு உடனே இன்னொன்றையும் சொல்வேன்: பணத்தைக் கணக்கிடுவதற்கு முன்னால் மாதத்தைக் கணக்கிடுங்கள்.

இது நான் பட்டுத் தெரிந்து கொண்ட பாடம். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்குப் பிறகு கையில் கொஞ்சம் காசு மிஞ்சியது. டிசம்பர் மாதம், யாரிடமும் விசாரிக்காமல் மூட்டை கட்டிக் கொண்டு மெர்சிங் போய்ச் சேர்ந்தோம். வானம் கறுத்துக் கிடந்தது. படகுகள் கட்டியபடியே ஆடிக் கொண்டிருந்தன. இரண்டு நாள் அறை எடுத்து மழையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். பிள்ளைகள் வழியெல்லாம் பேசவே இல்லை.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, சில வேளை மார்ச் வரை தென் சீனக் கடலைக் கலக்கும். ஜுவாரா கிழக்கு நோக்கித் திறந்த கரை. நெடுந்தூரம் தடையின்றி வரும் காற்று எழுப்பும் அலைகள் நேராக அங்கே வந்து மோதும். அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர்கள் தேடி வருவது அந்த மாதங்களில்தான். மற்ற நாட்களில் தூங்கும் கடல், அப்போது ஆள் உயரத்துக்கு மேல் எழும். விடுதிகள் பல மூடியிருக்கும், பெர்ரியும் குறைந்துவிடும். ஆகவே சறுக்குப் பலகைக்காரர்களுக்கு நல்ல மாதம் நமக்குக் கெட்ட மாதம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதே ஜுவாரா குளம்போல் கிடக்கும். ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறையே நமக்கு ஏற்றது. மூத்த பையன் அலைச்சறுக்குதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், முதலில் நீச்சல் கற்றுக் கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போனபோது தோட்டத்து மளிகைக் கடை பாய் குடும்பத்தையும் சேர்த்துக் கொண்டோம். மாதா மாதம் குடும்பத்துக்கு 50 வெள்ளி வீதம், பத்து மாதம் கூட்டுப் போட்டோம். குடும்பத்துக்கு 500 வெள்ளி சேர்ந்தது. மீதியைக் கையிலிருந்து போட்டுக் கொண்டோம். சம்பளத் தேதியன்றே எடுத்து வைத்துவிட்டால் வலி தெரியாது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இரண்டு குடும்பமும் சேர்ந்து வெளியே போனால், நாங்கள் கோழிக் குழம்பைத் தூக்கிக் கொண்டு போவோம். அவர்கள் தங்கள் சட்டியைத் தனியாகக் கொண்டு வருவார்கள். ஒரே மரத்தடிதான், ஆனால் இரண்டு பந்தி. "அவங்க ஏம்மா நம்ம கோழியைச் சாப்பிட மாட்டேங்கிறாங்க?" என்று என் மகள் சத்தமாகக் கேட்டு என்னைக் கூச வைத்திருக்கிறாள். அறுக்கும் முறை, சமைக்கும் பாத்திரம், மேசையில் மது இல்லாமை இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஹலால் என்று அவளுக்கு விளக்கினேன். பன்றி இறைச்சியை மட்டும் விலக்கினால் போதும் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஜுவாரா மலாய்க்காரர் வாழும் கம்போங். கடற்கரைக் கடைகளில் அவர்களே சமைக்கிறார்கள். பாய் குடும்பத்துக்குக் கவலை இல்லை. தொழுகைக்கும் கிராமத்திலே வசதி உண்டு. நாம்தான் இரண்டு கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் "தாகிங்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இறைச்சி என்பது பொருளானாலும் கடைகளில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியையே குறிக்கும். ரெண்டாங்கும் அப்படித்தான், கோழியா என்று கேட்டுக் கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுவோர் "சாயோர்" என்று மட்டும் சொன்னால் போதாது. கங்கோங் கீரையிலே பெலாச்சான் இருக்கும், சம்பலிலே நெத்திலி இருக்கும். இரண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் முகம் சுளிக்காமல் சமைத்துத் தருகிறார்கள். அங்கேதான் முதன்முதலாக எங்கள் இரு குடும்பமும் ஒரே மேசையில், ஒரே தட்டிலிருந்து மீனை எடுத்துப் போட்டுக் கொண்டு சாப்பிட்டோம். பாய் வீட்டு அக்கா என் மகளுக்கு முள் எடுத்துக் கொடுத்தார்.

போகும் வழி இதுதான். பெர்ரி மெர்சிங்கிலிருந்தும் பகாங் எல்லையிலுள்ள தஞ்சோங் கெமோக்கிலிருந்தும் புறப்படுகிறது. மெர்சிங் ஆற்று முகம் ஆழமில்லாதது. கடல் ஏற்றத்தைப் பொறுத்துப் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும்; முதல் நாளே விசாரித்துக் கொள்ளுங்கள். அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் கையில் இருக்கட்டும். மேற்குக் கரையிலே கெந்திங், பாயா, தேக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று வரிசையாக நிற்கும். நீங்கள் இறங்க வேண்டியது தேக்கேக். அங்கிருந்து மலையைக் கடந்து ஜுவாராவுக்கு நான்கு சக்கர இழுவை வண்டியில் போக வேண்டும். செங்குத்தான பாதை, வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்னால் உட்கார வையுங்கள். காசைத் தேக்கேக்கிலேயே சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

தியோமான் தீர்வையில்லாத் தீவு. மது மலிவு. ஆண்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். குடித்துவிட்டுக் கடலில் இறங்கியவனைக் கடல் அடையாளம் கண்டு மன்னிப்பதில்லை.

இனி, கடலைப் பற்றி. தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீந்தத் தெரியாதவர்கள். அலை கரைக்குத் தள்ளிய நீர் ஏதாவது ஒரு குறுகிய வாய்க்கால் வழியே திரும்பக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். விவரம் தெரியாதவர் "இங்கேதான் அலை இல்லை" என்று அங்கேயே பிள்ளையை இறக்குவார். அதுதான் ஆளை இழுக்கும் இடம். சிக்கிக் கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப் போவோம். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல் மிதக்கும் பொருளை எறிந்து ஆளைக் கூப்பிட வேண்டும். சிறுவர்களுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். மிதவைச் சட்டை போட்டாலும் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் நிற்கட்டும். நாங்கள் முறை வைத்துக் கொண்டோம்: அரை மணி என் கணவர், அரை மணி பாய். முறையில் இருப்பவர் கைத்தொலைபேசியைத் தொடக் கூடாது.

தாய்மார்களே, சேலையோடும் கைலியோடும் கடலில் இறங்காதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றி ஆளைச் சாய்த்துவிடும். முழுக்கை பனியனும் நீளமான இறுக்கக் கால்சட்டையும் மானத்துக்கும் பாதுகாப்பு, உயிருக்கும் பாதுகாப்பு. முஸ்லிம் பெண்களுக்கென்றே தைத்த குளியல் உடை இப்போது பட்டணத்துக் கடைகளில் கிடைக்கிறது. அக்கா அதைத்தான் அணிந்தார். அதன் வசதியைப் பார்த்து நானும் ஒன்று வாங்கிக் கொண்டேன்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே வேலை: ஒரு நாள் ஆமைக் குஞ்சுகளைப் பாதுகாக்கும் இடம், ஒரு நாள் ஆற்று ஓரம், மற்ற நாள் சும்மா இருப்பது. தீவைச் சுற்றிய கடல் 1994 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. தூண்டில் போடுவதும் பவளம் பொறுக்குவதும் குற்றம். மணல் ஈ கடிக்கும். மாலையில் தேங்காய் எண்ணெய் பூசிக் கொள்ளுங்கள், சொறியாதீர்கள். குரங்குகள் ரொட்டிப் பையைத் திறக்க நம் பிள்ளைகளை விடக் கெட்டிக்காரர்கள்.

எங்களோடு வந்த என் நாத்தனார் இருபது வருடமாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறவர். முதல் நாளும் நான்கு மணிக்கே எழுந்து இருட்டில் அடுப்பைத் தேடினார். "படுங்க அண்ணி, இன்னைக்கு வேற ஒருத்தர் தோசைக்குப் பதிலா நாசி லெமாக் கொடுப்பார்" என்றேன். மூன்றாம் நாள் ஏழரை வரை தூங்கினார். எழுந்ததும் யாரும் தன்னைத் திட்டவில்லையா என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். விடுதி பிடிக்கும்போது அதனால் சமையலறை உள்ள அறையைத் தேடாதீர்கள். கொஞ்சம் மலிவாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் சமைக்கப் போவது யார்?

வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முதல் நாளே தீவை விட்டுக் கிளம்பாமல், இரண்டு நாள் முன்பே கிளம்புங்கள். காற்று மாறினால் பெர்ரி தாமதமாகும். கிராணி அந்தக் காரணத்தை ஏற்றுக் கொள்வார் என்று நான் உறுதி கூற மாட்டேன். திரும்பும் பெர்ரி பெரும்பாலும் காலையிலேயே. ஆகவே துணிகளை முதல் நாள் மாலையே உலர்த்தி மூட்டை கட்டிவிடுங்கள். மணலை மட்டும் எவ்வளவு உதறினாலும் போகாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாதம் கழித்தும் பெருக்கும்போது வந்தது.