ஓரணாச் சிற்றுண்டி



புதுச்சேரி கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள நகராட்சிக் கட்டடத்தைப் பெரியவர்கள் 'மேரி' என்பார்கள். அது ஒருவருடைய பெயர் அல்ல. பிரெஞ்சு மொழியில் மேயரின் அலுவலகம் என்று பொருள். 1880-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அரசு நம் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் நகராட்சிகளை அமைத்தது. அப்போது அவற்றின் தலைவரை மேயர் என்றார்கள்.

ஊரின் குடிநீர், சாலை, விளக்கு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியவர் அவர். அப்படிப்பட்ட பொறுப்புக்கு ஒரு வியாபாரி வந்தால் என்ன செய்வார்? சென்னையில் வாழ்ந்த ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் பிட்டி தியாகராயர். 1852-இல் சென்னை கொருக்குப்பேட்டையில் பிறந்தார். நெசவுத் தொழில் செய்த குடும்பம். மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். ஆனாலும் அரசாங்க வேலை தேடிப் போகவில்லை. சுமார் நூறு தறிகள் கொண்ட நெசவாலையை நடத்தினார். தோல் பதனிடும் தொழிலும் செய்தார்.

வியாபாரம் நன்றாக நடந்தபோதும் ஊர் வேலையை அவர் மறக்கவில்லை. 1882 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். அதன் தலைவராகவும் இருந்தார். இன்று மேயர் என்கிறோமே, அந்த இடத்தில் அப்போது இருந்த பதவிதான் மாநகராட்சித் தலைவர். 1933-இல்தான் அந்தப் பதவிக்கு மேயர் என்ற பெயர் வந்தது.

அந்த நாளில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். அந்த ஏழ்மையால் பள்ளிக்கு வருவோர் எண்ணிக்கை மிகவும் குறைகிறது என்று தியாகராயர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். வயிறு காய்ந்தால் பாடம் எப்படி ஏறும்?

1920 செப்டம்பரில் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும். செலவு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது.

பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். நூறு பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆகும்? கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். ஆறு ரூபாய் நான்கு அணா! நூறு பிள்ளைகளின் பசி அவ்வளவில் தீர்ந்தது.

பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு இத்திட்டம் சென்றது. 1922-23-இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் மொத்தம் 811 பிள்ளைகள் படித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அது 1,671 ஆயிற்று. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஆனால் 1925-இல் ஆங்கில அரசு குறுக்கே நின்றது. தொடக்கக் கல்விக்கான பணத்தைச் சிற்றுண்டிக்குச் செலவிடக் கூடாது என்றது. திட்டம் நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் காலமானார்.

அத்தோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. சில ஆண்டுகளில் மாநகராட்சி திட்டத்தை மீண்டும் தொடங்கியது. 1930-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிப் பகுதியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. 1956-இல் காமராசர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவைப் பரவச் செய்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தந்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

இன்னொரு செய்தி. 1920 தேர்தலில் தியாகராயரின் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, மாகாண முதல்வர் பொறுப்பை ஏற்கும்படி அவரை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல்வர் ஆனார். தியாகராயரோ மாநகராட்சி வேலையிலேயே இருந்தார். சென்னையின் தியாகராய நகர், அதாவது தி.நகர், அவர் பெயரில் அமைந்ததுதான்.

பிள்ளைகளே, உங்கள் வகுப்பிலும் அடிக்கடி வராத தோழன் ஒருவன் இருக்கலாம். அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். ஏன் வரவில்லை என்று அன்போடு கேளுங்கள். காரணம் பசியாக இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஊருக்கு நல்லது செய்ய மேயர் ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?