விரல் நுனிக்கு ஒரு கவசம்

சந்திரனில் மனிதன் கால் பதித்த கதையை அறியாத மாணவர் இலர். ஆயினும், அங்கே அவனுடைய கை என்ன பாடுபட்டது என்று வினவுவோர் அரியர். கொழுந்து பறிக்கும் கைகளை நாள்தோறும் காணும் மலைநாட்டாராகிய நமக்கு அவ்வினா எழுதல் இயல்பேயாகும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய வான், விண்வெளி நூதனசாலை உள்ளது. 1969 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் எட்வின் ஓல்ட்ரினும் சந்திரனில் அணிந்த கையுறைகள் அந்நூதனசாலையின் சேகரிப்பிலே பேணப்பட்டு வருகின்றன. புறத்தே உலோக இழையால் நெய்த துணி. விரல் நுனிகளில் மட்டும் நீலநிறச் சிலிக்கோன் றப்பராலான சிறு உறைகள். இடக்கை உறையின் மணிக்கட்டுப் பகுதியில், செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிய துணியொன்றும் தைக்கப்பட்டுள்ளது. பரீட்சைக்குச் செல்லும் மாணவர் இதனைக் கண்டு தவறான பாடம் படியாதிருப்பாராக!

விரல் நுனிக்கு ஏன் தனி உறை? சந்திரனிலே காற்றில்லை. ஆதலின் விண்ணுடையினுள்ளே, நம் பூமியின் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு அழுத்தத்தில் ஒட்சிசன் நிரப்பப்பட்டிருக்கும். அப்போது கையுறை ஊதிய பலூனைப் போல விறைத்துக்கொள்ளும். விரலை மடக்குந்தோறும் அவ்விறைப்பை எதிர்த்தே மடக்க வேண்டும். பல அடுக்குத் துணியோ தொடு உணர்ச்சியை மறைத்துவிடும். இதனால் ஒவ்வொரு வீரரின் கையையும் அச்செடுத்து, அவ்வச்சுக்கேற்பவே கையுறை செய்தனர். தைத்தவர்கள் டெலவெயர் மாநிலத்துத் தையற்பெண்கள். மகளிர் உள்ளாடை செய்து பெயர்பெற்ற நிறுவனமொன்றின் தொழிலாளர். மறந்துவிட்ட ஒரு குண்டூசி ஓர் உயிரைக் கொள்ளும் என்பதை அறிந்தே அவர்கள் தைத்தனர்.

அவ்வளவு செய்தும் விரல் தப்பவில்லை. 1971 இல் அப்பலோ 15 இல் சென்ற டேவிட் ஸ்கொட்டும் ஜேம்ஸ் ஏர்வினும் மூன்று முறை வெளியே சென்று, மொத்தம் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சந்திரத் தரையில் உழைத்தனர். கருவிகளை நன்கு உணர வேண்டுமென்று, விரல் நுனி கையுறையின் முனையைத் தொடுமாறு ஸ்கொட் தம் உடையை இறுக்கமாக அமைத்துக்கொண்டார். விளைவு, நகங்களின் கீழே இரத்தம் கட்டிக் கறுத்தது. ஏர்வின் நகத்தை ஒட்ட வெட்டிச் சமாளித்தார்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் பெண்ணுக்கும் இதே இக்கட்டுத்தான். உறை தடித்தால் கொழுந்தின் பதம் தெரியாது. உறையின்றேல் விரல் வெடிக்கும், சாயம் ஏறி நகம் கறுக்கும். ஆகவே நம் பெண்களிற் சிலர் பழந்துணிக் கீற்றை விரலிற் சுற்றிக்கொண்டு மலைக்குச் செல்கின்றனர். அவர்களுக்காக எவரும் கையை அச்செடுத்ததில்லை.

நூதனசாலையிலும் கையுறைக்கு ஆபத்து நீங்கவில்லை. சில நாட் பயணத்துக்கெனச் செய்த றப்பர், ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி நொறுங்குகின்றது. எனவே விண்ணுடைகளை ஈரங்குறைந்த குளிர் அறைகளில் வைத்துக் காக்கின்றனர். நுவரெலியாவிலே குளிருக்குக் குறைவில்லை. ஈரம் குறைந்த இடத்துக்கு எங்கே போவது! இரண்டு வாரம் அணியாத சப்பாத்திற் பூஞ்சணம் பூக்கும் ஊராயிற்றே.

ஆயினும் நம் மலையகத்திலும் காப்போர் உளர். ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலை இயந்திரங்களைக் காக்கின்றது. 2007 இல் கம்பளைக்கு அருகே, பழைய லய அறைகளிலேயே, தோட்டத் தொழிலாளருக்கெனத் தனியே ஒரு நூதனசாலை அமைந்தது. தொழிலாளர் வீடுகளிற் புழங்கிய பொருள்களுக்கு அங்கே இடமுண்டு.

இதனை வகுப்பிலே கூறியபோது, கொழுந்து பறிக்கும் தாயின் மகளான மாணவி ஒருத்தியிடம், தாயின் விரற்றுணி ஒன்று கிடைக்குமா என்று கேட்டோம். அவள் சற்றே சிரித்தாள்.

“அதை அம்மா அன்னன்னைக்கே அடுப்பில போட்டுருவாங்க, சேர்.”