உருவத்தைச் சொல்லும் குடும்பப் பெயர்கள்

சுங்கை சோ போன்ற தோட்டப்புறங்களில் முனியாண்டி இருவர் இருந்தால், ‘நெட்டை முனியாண்டி’, ‘குட்டை முனியாண்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ‘லாங்’ என்றால் நெட்டை. ஜெர்மன் மொழியில் ‘கிளைன்’, ஹங்கேரிய மொழியில் ‘கிஷ்’ என்றால் சிறியவர். பிரெஞ்சில் ‘லெகிராண்ட்’ என்றால் பெரியவர்.

அங்கே பட்டப்பெயர் பிள்ளை, பேரன் என்று தொடர்ந்து குடும்பப் பெயரானது. ஆறடி ஆளும் ‘கிளைன்’தான்! நம் அடையாள அட்டையிலோ அப்பா பெயர்தான் பின்னால் வரும்; பட்டப்பெயர் அந்த ஆளோடு போய்விடும்.

மாணவர்களே, ‘நெட்டையன்’ பண்பால் வந்த காரணப்பெயர். ‘சின்னம்மா’வில் உள்ள ‘சின்ன’ உருவத்தைக் குறிக்காது. வயதில் இளையவர் என்றே பொருள்.

ஆசிரியர்களே, இதற்கு எடுத்துக்காட்டாக வகுப்புப் பிள்ளையின் உருவத்தைக் காட்டாதீர்கள். பள்ளி முடியும்வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.